இரண்டு மீட்டர் நகர்ந்த பூமி

அந்தத் தெருவில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பெயிண்ட்டக்கா என்றால்தான் தெரியும். ஆணி, பூட்டு, கதவுக் கீல், குழாய், பெயிண்ட் என்று வீடு கட்டுகிறவர்களுக்கு வேண்டியதையெல்லாம் விற்கிற கடை. அதில் பெயிண்ட் கலக்குவது அவள் வேலை. பழைய ஜன்னலிலிருந்து உரிந்த ஒரு சில்லைக் கொண்டுவந்து நீட்டினால் போதும், கண்ணை இடுக்கிக்கொண்டு பார்ப்பாள், நாலு டப்பாவைத் திறப்பாள், குச்சியை விட்டுக் கலக்குவாள், அச்சு அசலாக அதே நிறம் வந்து நிற்கும். இருபது வருஷம் தின்னர் நெடியில் நின்று நின்று மூக்கு செத்துப்போயிருந்தது. கண் மட்டும் படு கூர்மை.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல மனுஷி. தெருவில் யாராவது சைக்கிளோடு விழுந்தால் முதலில் ஓடுகிறவள் அவள்தான். ஆனால் ஒரு வியாதி இருந்தது அவளுக்கு. பொறாமை. பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சுக்காரியின் பென்சில் டப்பாவைப் பார்த்து ஆரம்பித்தது அது. கல்யாணத்தன்று எடுத்த போட்டோவில் தன்னைவிட நாத்தனார் நன்றாக விழுந்திருக்கிறாள் என்று ஆல்பத்தையே பீரோவின் அடித்தட்டில் தள்ளிவிட்டாள். வயது ஏற ஏற மற்றவர்கள் மேலிருந்த பொறாமையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றுவிட்டது. நாத்தனார் மேல் இருந்தது மட்டும் கழலவில்லை.

நாத்தனார் என்றால் கணவனின் தங்கை. கல்யாண வாழ்க்கை ஒத்துவராமல் இரண்டே வருஷத்தில் பெட்டியோடு திரும்பி வந்தவள். மாமனார் அப்போது உயிரோடு இருந்தார். மகள் யார் கையையும் எதிர்பார்க்கக்கூடாது என்று, ஒரே கடையாக இருந்ததற்கு நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர் ஒன்றை எழுப்பி ஒரு பாதியை அவளுக்குக் கொடுத்துவிட்டார். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கிற சுவர். நாத்தனார் அங்கே ஒரு ஜெராக்ஸ் மிஷின் போட்டாள், நோட்டு, பேனா வைத்தாள், ஓரமாக ஒரு கம்ப்யூட்டரும் வைத்தாள். படித்தவள், சிரிக்கச் சிரிக்கப் பேசுவாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் மொய்த்தன.

கடையில் பாதி போனதற்காக பெயிண்ட்டக்கா ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை. போனது வேறு. அவளுடைய மகள்.

ஒரே மகள், ஒன்பதாவது படிக்கிறாள். வீட்டில் பாப்பா. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை அம்மாவின் மேஜை மேல் போடுவாள், ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பாள், அடுத்த நிமிஷம் சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்கும். அம்மா என்ன சொன்னாலும், "அத்தை அப்படிச் சொல்லலையே" என்பாள். தலைமுடியை வெட்டிக்கொண்டு வந்தாள். கேட்டால், "அத்தைதான் இது நல்லா இருக்கும்னாங்க." போதாக்குறைக்கு மூக்கு வேறு அப்பன் வீட்டு மூக்கு. கடைக்கு வருகிற புது ஆள் எவனாவது அவளைப் பார்த்து, "ஜெராக்ஸ் அக்கா பொண்ணுதானே நீ?" என்று கேட்டுவிட்டுப் போவான். அன்றைக்கு பெயிண்ட்டக்காவுக்குப் பச்சைத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காது.

கணவனிடம் சொல்லிப் பார்த்தாள். அவன் வேன் ஓட்டி சரக்கு இறக்குகிறவன், வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்கவே கூலி கேட்பான் போலிருக்கும்.

"அவ என் தங்கச்சி. குழந்தை குட்டி இல்லாதவ. பாப்பா கொஞ்ச நேரம் அங்க இருந்தா என்ன குறைஞ்சுபோச்சு?"

"கொஞ்ச நேரமா? தூங்கறதுக்கு மட்டும்தான் இங்க வர்றா. நான் என்ன லாட்ஜா நடத்துறேன்?"

அவன் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுக் குளிக்கப் போய்விட்டான். அவளுக்கு வேண்டியது பெரிய விஷயமே இல்லை. ஊர் பார்க்க ஒரே ஒரு தடவை, இவள் என் பெண் என்று தெரிய வேண்டும். அவ்வளவுதான். அதற்குக்கூட அந்த ஜெராக்ஸ்காரி வழிவிடமாட்டாளா என்று கரித்துக்கொட்டிக்கொண்டே படுத்துக்கொள்வாள்.

இப்படி இருக்கும்போதுதான் பள்ளிக்கூடத்து அறிவியல் டீச்சர் அவள் கடைக்கு வந்தாள். இந்தத் தெருவில் ஆரம்பித்து ஊருக்கு வெளியே வரை ஒரு சூரியக் குடும்பம் வைக்கப்போகிறார்களாம். நூலக வாசலில் சூரியன். அங்கிருந்து ஒவ்வொரு கிரகமும் சராசரியாக எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அதே கணக்கில், நூறு கோடியில் ஒரு பங்காகச் சுருக்கி வைப்பார்கள். பத்து லட்சம் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர். உருண்டைகளும் அதே கணக்குதான். நகராட்சி இடம் கொடுத்துவிட்டது. பெயிண்ட் அடிக்கத்தான் ஆள் வேண்டும்.

"உங்களை விட்டா யாருக்கு வரும் அந்த நிறமெல்லாம்?" என்றாள் டீச்சர். "உங்க பொண்ணு எப்படி எப்படின்னு சொல்லுவா. அவதான் பூமியைப் பத்திப் பேசப்போறா."

உங்க பொண்ணு என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே பெயிண்ட்டக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. நான் அடிக்கிறேன், எல்லாத்தையும் நானே அடிக்கிறேன் என்று உருண்டைகளை வாங்கி வைத்துக்கொண்டாள்.

அடுத்து வந்த மூன்று வாரம் அவள் வாழ்க்கையிலேயே நல்ல காலம் என்று சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் விட்டதும் மகள் நேரே இங்கே வந்து முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. பெயிண்ட்டக்கா வேண்டுமென்றே குரலை உயர்த்திப் பேசுவாள்.

முதலில் புதன். சாம்பல் நிறம், முகமெல்லாம் பள்ளம். வெறும் ஐந்து மில்லிமீட்டர் உருண்டை, அடித்து முடிக்க ஐந்து நிமிஷம் ஆகவில்லை. அடுத்து வெள்ளி.

"எட்டுலயும் எது ரொம்பச் சூடு, சொல்லும்மா பார்க்கலாம்," என்றாள் மகள்.

"இதென்னடி கேள்வி? சூரியனை ஒட்டிக்கிட்டு நிக்கிறதுதான். புதன்."

"தப்பு. வெள்ளி. அதைச் சுத்தி கரியமில வாயு கனமா மூடியிருக்கு. உள்ள போன சூடு வெளியே வராது. ஈயத்தை வச்சா உருகிடும். புதன்ல காத்தே கிடையாது, அதனால பகல்ல கொதிக்கும், ராத்திரி உறைஞ்சுபோயிடும்."

சூட்டையெல்லாம் வெளியே விடாமல் உள்ளேயே போட்டுப் புழுங்குகிற கிரகமா, அப்படியென்றால் அது நம்ம ஆள்தான் என்று பெயிண்ட்டக்கா மனசுக்குள் சொல்லிக்கொண்டு, அந்த உருண்டைக்கு மட்டும் மங்கலான மஞ்சள் வெள்ளையை இரண்டு கோட்டிங் கூடவே கொடுத்தாள்.

செவ்வாய்க்கு வந்ததும் மகள் படத்தைக் காட்டி விளக்க ஆரம்பித்தாள். அங்கே மண்ணில் இரும்பு இருக்கிறது, அது துருப்பிடித்துத்தான் அந்தச் சிவப்பு என்றாள். "துருவைப் பத்தி எனக்கே பாடமா?" என்று அவள் கடையின் பழைய தாழ்ப்பாள் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு அதைப் பார்த்தே கலக்கினாள். வியாழன் சின்னத் தேங்காய் அளவு இருந்தது. பட்டை பட்டையாகப் பழுப்பும் வெள்ளையும் ஓட்டி, கீழ்ப்பாதியில் ஒரு சிவப்புப் பொட்டு. அது பொட்டு இல்லையாம், புயலாம். நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகச் சுழன்றுகொண்டே இருக்கிறதாம், பூமியையே உள்ளே போட்டு விழுங்கிவிடுமாம். "நூத்தம்பது வருஷமா ஒருத்திக்குக் கோபம் அடங்கலைன்னா காரணம் இல்லாம இருக்காது," என்றாள் பெயிண்ட்டக்கா. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு சுவரைத் தாண்டிப் போயிருக்கும் என்பதில் அவளுக்கு இரட்டைச் சந்தோஷம்.

சனிக்கு வளையம் வெட்ட பிளாஸ்டிக் தாள் எடுத்தாள். ஐஸ் கட்டியும் கல்லுமாகச் சேர்ந்து சுற்றுகிற வளையம் அது, அகலம் அவ்வளவு இருந்தும் கனமே கிடையாது, இந்த அளவில் செய்தால் காகிதத்தைவிட மெல்லிசாக இருக்க வேண்டும் என்றாள் மகள். யுரேனஸ் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டே உருளுகிற சோம்பேறி. நெப்டியூன் சூரியனை ஒரு சுற்றுச் சுற்ற நூற்றறுபத்தைந்து வருஷம். "அங்க பொறந்தா ஒரு பொறந்தநாள்கூட வராதும்மா," என்று மகள் உச்சுக்கொட்டினாள்.

கடைசியாகத்தான் பூமி. ஒரு கோலிக்குண்டு அளவு. அதில் கடல், கண்டம், மேகம் எல்லாம் வர வேண்டும். நாலே நாலு மயிர் வைத்த பிரஷை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வரைந்தாள். மகள் பூதக்கண்ணாடியை அவள் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, தோளில் தாடையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, உனக்குக் கையே ஆடலை," என்றாள் மெதுவாக.

அந்த ஒரு வார்த்தையைக் கணவனிடம் அன்று ராத்திரி மூன்று தடவை சொன்னாள்.

மிளகு அளவு நிலாவை ஒரு கம்பியின் முனையில், பூமியிலிருந்து ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பொருத்தி முடித்ததும் மகள் துள்ளி எழுந்தாள். "இரும்மா, அத்தைகிட்ட காட்டிட்டு வந்துடறேன்." போனவள் கடை அடைக்கிறவரை வரவில்லை. அந்தப் பக்கம் சிரிப்பு மறுபடியும் ஆரம்பித்தது. பிரஷைக் கழுவுகிற சாக்கில் பெயிண்ட்டக்கா அதன் நாலு மயிரில் ஒன்றைப் பிய்த்தே விட்டாள்.

இதற்குள் தெருவெல்லாம் அவள் தம்பட்டம் அடித்தாகிவிட்டது. அவள் கடை நூலகத்திலிருந்து நூற்றைம்பது மீட்டர் பக்கம். பூமியும் சூரியனிலிருந்து பதினைந்து கோடி கிலோமீட்டர். கணக்கு தானாகவே அவள் வாசலுக்கு வந்து நின்றது. "பூமி நம்ம கடை வாசல்லதான் வருது. என் பொண்ணு நம்ம வாசல்ல நின்னு பேசப்போறா," என்று ஆணி வாங்க வந்தவனிடம்கூடச் சொல்லிவைத்தாள்.

அளக்கிற நாளும் வந்தது. மகளும் டீச்சரும் நீள டேப்பைப் பிடித்துக்கொண்டு நூலக வாசலிலிருந்து வந்தார்கள். புதன் மருந்துக்கடை வாசலில் விழுந்தது, வெள்ளி முடிதிருத்துகிறவர் கடையில். பூமிக்கு வந்தபோது பெயிண்ட்டக்கா வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்து வைத்திருந்தாள். நூலகத்திலிருந்து வரும்போது முதலில் ஜெராக்ஸ் கடை, அப்புறம்தான் பெயிண்ட் கடை. டேப் நூற்றைம்பதில் நின்றது. நடுச்சுவருக்கு அரை மீட்டர் முன்னால். ஜெராக்ஸ் கடை வாசலில்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"டீச்சர், கொஞ்சம் தள்ளி வச்சா என்ன? அரை மீட்டர்தானே. யாரு பார்க்கப்போறா?"

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் மகள் சொன்னாள். "அம்மா, இந்த அளவுல அரை மீட்டர்னா அஞ்சு லட்சம் கிலோமீட்டர். நிலாவையே தாண்டிப் போயிடும்."

"நான் உன்னைக் கேட்கலை."

"எனக்கு எங்க வச்சாலும் ஒண்ணுதான், அண்ணி," என்று நாத்தனார் கடைக்குள்ளிருந்து சொன்னாள். "நீங்களே வச்சுக்கோங்களேன்."

அந்தப் பெருந்தன்மைதான் தாங்க முடியவில்லை. கொடுக்கிற இடத்தில் அவள், வாங்கிக்கொள்கிற இடத்தில் இவளா? "எனக்கு யாரும் தானம் பண்ண வேண்டாம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய், எதற்கென்று தெரியாமல் ஒரு டப்பா வார்னிஷைத் திறந்து கலக்கிக்கொண்டு நின்றாள்.

ஒவ்வொரு கிரகத்துக்கும் இடுப்பு உயரத்துக்கு ஒரு குழாய், அதன் தலையில் கண்ணாடிப் பெட்டி. குழாயைக் காலி பெயிண்ட் வாளிக்குள் நிறுத்தி சிமெண்ட் ஊற்றியிருந்தார்கள். திறப்பு விழா முடிந்ததும் நகராட்சி ஆட்கள் பள்ளம் தோண்டி நிரந்தரமாகப் பதிப்பார்கள். அதுவரை சாக்கட்டிக் குறி போட்ட இடங்களில் வாளி வாளியாகத்தான் நிற்கும். வாளிகளெல்லாம் பெயிண்ட்டக்கா கடை வாளிகள். ஒரு வாளி எவ்வளவு கனம் தாங்கும், எங்கே பிடித்தால் சாயாது என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

ஜூலை மாதம் முதல் வாரத்தில் விழா. அன்றைக்குக் காலையில் பால்காரன்கூட வருமுன் அவள் கடைத்தெருவுக்கு வந்துவிட்டாள். ஜெராக்ஸ் கடை வாசலில் நின்ற பூமி வாளியின் விளிம்பைப் பிடித்துச் சாய்த்து, அடிப்பக்கத்தை உருட்டி உருட்டி நகர்த்தினாள். கண்ணாடிப் பெட்டிக்குள் பூமியும் நிலாவும் கிடுகிடுவென்று ஆடின. நடுச்சுவரைத் தாண்டியதும் நிறுத்தியிருக்கலாம். மனசு கேட்கவில்லை. இன்னும் உருட்டி, தன் கடை வாசலுக்குச் சரி நடுவில் கொண்டுவந்து நிறுத்தினாள். மொத்தம் இரண்டு மீட்டர். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். பூமி அவள் வாசலில் இருந்தது. எங்கே இருந்தால் என்ன, வரைந்தது இந்தக் கை என்று சத்தமாகவே சொன்னாள்.

கொஞ்ச நேரத்தில் நாத்தனார் கடை திறக்க வந்தாள். தரையில் வாளி உருண்ட தடத்தைப் பார்த்தாள். பூமியைப் பார்த்தாள். அண்ணியைப் பார்த்தாள். சண்டைக்கு வரட்டும் என்று பெயிண்ட்டக்கா நாலு பதில்களைத் தயாராக வைத்திருந்தாள்.

"டீ குடிச்சீங்களா அண்ணி?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஷட்டரைத் தூக்கினாள் நாத்தனார்.

தயாராக வைத்திருந்த நாலு பதிலும் தொண்டையிலேயே தங்கி, காலையிலேயே அவளுக்கு நெஞ்செரிச்சலாகிவிட்டது.

பத்து மணிக்கு நூலக வாசலில் கூட்டம் கூடியது. சூரியனுக்கு ஆளுயரம் இல்லை, ஆனால் கட்டிப்பிடித்தால் கை எட்டாது. பிள்ளைகள், பெற்றோர், கடைக்காரர்கள், நகராட்சி என்ஜினியர். இந்த என்ஜினியர் எதையும் அளந்து பார்க்காமல் நம்பாத மனிதர். தன் ஆளிடம் டேப்பைக் கொடுத்து ஒவ்வொரு கிரகத்தையும் அளக்கச் சொன்னார். புதன் சரியாக இருந்தது. வெள்ளியும் சரி. "பரவாயில்லையே, யாரு அளந்தது?" என்று பாராட்டிக்கொண்டே வந்தார். மகள் முகமெல்லாம் பல்லாக முன்னால் வந்துகொண்டிருந்தாள்.

ஜெராக்ஸ் கடைக்கு வந்ததும் அவள் நின்றாள். அங்கே வாளி இல்லை. கண் அடுத்த வாசலுக்குப் போயிற்று, பூமியைப் பார்த்தது, அதற்குப் பின்னால் நல்ல சேலை கட்டி நின்றிருந்த அம்மாவைப் பார்த்தது. பெற்ற பெண்ணுக்குத் தெரியாதா.

டேப் வந்து நின்றது.

"இது இடிக்குதே," என்றார் என்ஜினியர். "ரெண்டு மீட்டர் தள்ளி இருக்கு. இதை யாரு அளந்தது?"

டீச்சர் திருதிருவென்று விழித்தாள். மகளின் காது மடல் சிவந்துவிட்டது.

"நான்தான் சார்," என்றாள் மகள்.

"மத்ததெல்லாம் ஒழுங்கா அளந்துட்டு, நாம இருக்கிற வீட்டையே தப்பா வச்சுட்டியேம்மா."

கூட்டத்தில் நாலு பேர் சிரித்தார்கள். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மாவைக் காட்டிக்கொடுக்கவில்லை. நாலு பேர் பார்க்கத் தன் பெண் தலைநிமிர்ந்து நிற்க வேண்டும் என்றுதானே பெயிண்ட்டக்கா வாளியை உருட்டினாள்? சொல்லிவிடலாமா என்று ஓர் அடி முன்னால் வைத்தாள்.

அப்போது பக்கத்து வாசலிலிருந்து நாத்தனார் இறங்கி வந்தாள்.

"தப்பில்ல சார். பூமி சூரியனை வட்டமா சுத்தலையே, லேசா நீண்ட வட்டம். ஜனவரியில கிட்ட வரும், ஜூலையில தள்ளிப் போகும். இப்ப ஜூலை. பதினஞ்சு கோடியே இருபது லட்சம் கிலோமீட்டர் தூரத்துல இருக்கு. நூத்தம்பத்திரண்டு மீட்டர் சரியாத்தானே வருது?"

என்ஜினியர் டேப்பைப் பார்த்தார், தலையாட்டினார். "அட, ஆமா. இதைப் போய் நான் கவனிக்கலையே. தள்ளிப் போயும் இந்த வெயிலா?"

"வெயிலுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல சார். பூமி சாஞ்சு சுத்துறதாலதான் வெயில்காலம், குளிர்காலம் எல்லாம்."

கூட்டம் கைதட்டியது. டீச்சருக்கு மூச்சு வந்தது. மகள் தலையை நிமிர்த்தி அத்தையைப் பார்த்தாள். அந்தப் பார்வை இருக்கிறதே, அதற்காகத்தான் பெயிண்ட்டக்கா இத்தனை வருஷமாக ஏங்கிக்கொண்டிருந்தாள். அது அவள் வாசலிலேயே, அவள் உருட்டிவைத்த பூமிக்குப் பக்கத்திலேயே, இன்னொருத்திக்குப் போயிற்று.

தப்பித்தோம் என்கிற நிம்மதி அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. இவள் காப்பாற்றி நான் பிழைப்பதா? ஆயுசுக்கும் இவளைப் பார்க்கும்போதெல்லாம் இதை நினைத்துக் குனிவதா? அதைவிட ஊர் சிரிக்கட்டும்.

"அதெல்லாம் பொய்," என்றாள் பெயிண்ட்டக்கா.

எல்லோரும் திரும்பினார்கள்.

"ஜூலையும் இல்ல, ஜனவரியும் இல்ல. என் பொண்ணு சரியாத்தான் அளந்தா. காலையில நான்தான் வாளியை நகர்த்தினேன்."

"எதுக்கும்மா?" என்றார் என்ஜினியர்.

"என் பொண்ணு என் கடை வாசல்ல நின்னு பேசணும்னு."

முடிதிருத்துகிறவர் தொண்டையைச் செருமினார். என்ஜினியருக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. "சரி, பழைய இடத்துலயே வச்சிடுங்க," என்றார்.

மகள் வந்து வாளியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். "அந்தப் பக்கம் பிடி," என்றாள், அம்மா என்றுகூடச் சொல்லாமல். இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு போய் ஜெராக்ஸ் கடை வாசலில், சாக்கட்டிக் குறி இருந்த இடத்தில் வைத்தார்கள். மகள் அங்கே நின்றுதான் பேசினாள். முதல் இரண்டு வரி குரல் நடுங்கியது, அப்புறம் சரியாகிவிட்டது. சூரிய வெளிச்சம் நம்மிடம் வந்து சேர எட்டு நிமிஷத்துக்கு மேல் ஆகிறது, மூன்றாவது கிரகம், முக்கால் பாகம் தண்ணீர், உயிர் இருப்பதாக இதுவரை தெரிந்த ஒரே இடம் என்று சொல்லி முடித்தாள். பெயிண்ட்டக்கா தன் வாசலில் தனியாக நின்று கேட்டாள். டீச்சர் புத்திசாலி. "வாங்க, எல்லாரும் செவ்வாய்க்குப் போயிடலாம்," என்று கூட்டத்தை அப்படியே ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மகள் போகவில்லை. நேரே பெயிண்ட் கடைக்குள் வந்தாள்.

"ஏம்மா இப்படிப் பண்ற? நான் எத்தனை தடவை அளந்தேன் தெரியுமா உனக்கு? டீச்சரே போதும்னாங்க, நான்தான் மறுபடியும் மறுபடியும் அளந்தேன். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. உன்னால சிரிச்சாங்க. எப்பப் பார்த்தாலும் அத்தைகூடப் போட்டி, அத்தைகூடப் போட்டி. உனக்கு வெட்கமா இல்ல?"

தெருவுக்கே கேட்டது. கத்தக் கத்தக் கண்ணில் தண்ணீர் வேறு கொட்டியது. மூச்சு வாங்கியதும் மகள் தண்ணீர் குடிக்கப் பின்கட்டுக்குப் போனாள்.

திரும்பினால் வாசலில் நாத்தனார். இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"வா, நீயும் உன் பங்குக்குத் திட்டிட்டுப் போ," என்றாள் பெயிண்ட்டக்கா.

"திட்ட வரல அண்ணி." நாத்தனார் குரலில் வழக்கமான சிரிப்பு இல்லை. "இத்தனை வருஷத்துல என்கிட்ட ஒரு தடவைகூட அவ குரலை உசத்தினதில்ல. அன்னிக்கு அவ படம் வரைஞ்ச தாளை நான் தெரியாம மிஷின்ல விட்டுக் கிழிச்சுட்டேன். 'பரவாயில்ல அத்தை'ன்னு சிரிச்சுட்டுப் போயிட்டா. விருந்தாளி வீட்டுல இருக்கிற மாதிரிதான் என்கிட்ட இருக்கா. உங்ககிட்ட எப்படிக் கத்தினா பாருங்க."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. வயிறு எரியுது. அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு அவள் கடைக்குப் போய்விட்டாள். பெயிண்ட்டக்காவுக்கு மனசு குதித்தது. வெட்கமே இல்லாமல் குதித்தது. இன்னொரு தடவை கத்துடி என்று மகளைக் கேட்கலாம் போலிருந்தது. எரியட்டும், நன்றாக எரியட்டும், நான் எத்தனை வருஷம் எரிந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். நாத்தனார் மிஷின் பக்கத்தில் நின்று, ஏற்கெனவே நேராக இருந்த வெள்ளைத்தாள் கட்டைத் தட்டித் தட்டி நேராக்கிக்கொண்டிருந்தாள். கடையில் ஒரு ஈ காக்காய் இல்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் பெயிண்ட்டக்காவுக்கு உள்ளே என்னவோ செய்தது. காரணமில்லாமல் வார்னிஷைக் கலக்கிக்கொண்டு நிற்கிறபோது தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மறுபடி ஆரம்பிக்கப் போகிறாள் என்பது மூக்கு விடைத்ததிலேயே தெரிந்தது.

"இங்க பாரு," என்றாள் பெயிண்ட்டக்கா. "என்னை மட்டும் திட்டினா எப்படி? உங்க அத்தை மட்டும் யோக்கியமா? நான் நகர்த்தினேன்னு தெரிஞ்சும் என்ஜினியர்கிட்ட ஜூலை, ஜனவரின்னு கதை விட்டது யாரு? போ. போய் அவளையும் கேளு."

மகள் ஒரு நிமிஷம் யோசித்தாள். "ஆமா," என்றாள். விறுவிறுவென்று அடுத்த கடைக்குப் போனாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் ஆரம்பித்தது. "நீங்க எப்படி அத்தை அப்படிச் சொல்லலாம்? எட்டு கிரகத்தையும் சராசரி தூரத்துலதானே வச்சோம்? அப்புறம் பூமிக்கு மட்டும் எப்படி ஜூலை கணக்கு வரும்? செவ்வாய்க்கு என்ன பண்ணுவீங்க? அது பூமியைவிட இன்னும் நீண்ட வட்டம். உங்களுக்குத் தெரியும்ல? தெரிஞ்சுக்கிட்டே எதுக்குச் சொன்னீங்க?" நாத்தனார் ஏதோ முனகினாள். "சமாதானம் எல்லாம் சொல்லாதீங்க," என்றது மகளின் குரல், இன்னும் உயரமாக. "உங்ககிட்டயாவது நியாயம் இருக்கும்னு நினைச்சேன்."

நாத்தனாரின் குரல் உடைந்து, அழுகையா சிரிப்பா என்று தெரியாத மாதிரி, "சரிடி, சரி, தப்புதான்," என்றது.

இந்தப் பக்கம் ஒருவர் பச்சைப் பெயிண்ட் கேட்டு நின்றுகொண்டிருந்தார். பெயிண்ட்டக்கா டப்பாவைத் திறந்து குச்சியை விட்டாள், கலக்கவில்லை. காது முழுக்கச் சுவரில் இருந்தது. தன்னிடம் கத்தியதைவிட அங்கே கொஞ்சம் கூடுதலாகக் கத்துகிறாளோ? நேரமும் அங்கேதான் அதிகமோ? நானேதான் அனுப்பினேன், எனக்கு இது வேண்டும், நன்றாக வேண்டும் என்று பல்லைக் கடித்தாள். அந்தப் பக்கம் மகள் மூக்கை உறிஞ்சிவிட்டு அடுத்த கேள்விக்குத் தயாரானாள்.

"அக்கா, பச்சை," என்றார் வந்தவர்.

"இருங்க," என்றாள். பெயிண்ட் சொட்டுகிற குச்சியாலேயே சுவரில் டம் டம்மென்று தட்டி, "போதும்டி, இங்க வா. நீ என்கிட்ட இன்னும் பாதிகூடத் திட்டி முடிக்கலை," என்று கத்தினாள்.